மனநலமும் மனநோயும்: டெல்டா செவிலியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், நர்சிங் படிக்கும் பிள்ளைகள் மனநல மதிப்பீடு பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மனநலச் செவிலியம் கற்றுக்கொடுப்பவள். நோய்க்குப் பெயர் சொல்வது டாக்டர் வேலை. அவர் அந்த முடிவுக்கு வருவதற்கு நாம் பார்த்து எழுதிவைக்கும் குறிப்பு பெரிய துணை. அதனால் இந்தப் பதில்கள் எல்லாவற்றிலும் ஒன்றையே வலியுறுத்துவேன்: கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, நோயாளி சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள்.

நான் சைக்கியாட்ரி வார்டில் இல்லை. எனக்கு இது எதற்கு?

மனநோய் உள்ளவர் முதலில் வந்து நிற்பது சைக்கியாட்ரி ஓபியில் இல்லை. நெஞ்சு படபடப்பு என்று மெடிக்கல் ஓபிக்கு வருவார். கால் உடைந்து ஆர்த்தோ வார்டில் படுத்திருப்பார். பிரசவ வார்டில் குழந்தையைப் பார்க்காமல் திரும்பிப் படுத்திருப்பார். பூச்சிமருந்து குடித்து கேஷுவால்டிக்கு வருவார். இவர்களோடு இரவும் பகலும் இருப்பது நாம்தான். டாக்டர் ரவுண்ட்ஸில் பார்க்கும் சில நிமிடங்களில் தெரியாதது, நைட் டியூட்டி சிஸ்டருக்குத் தெரியும்.

மனநலம் என்றால் மனநோய் இல்லாமல் இருப்பதுதானே?

இல்லை. தன் திறமை தனக்குத் தெரிவது, அன்றாட நெருக்கடிகளைத் தாங்குவது, உருப்படியாக வேலை செய்வது, நாலு பேருக்கு உதவியாக இருப்பது என்று உலக சுகாதார நிறுவனம் மனநலத்தை விளக்குகிறது. சிசோஃப்ரினியா என்ற தீவிர மனநோய் உள்ள ஒருவர் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, மாடு பார்த்து, தங்கை கல்யாணத்தில் பந்தி பரிமாறி நன்றாகவே வாழலாம். எந்த நோயும் இல்லாத ஒருவர் மனம் நொந்து முடங்கியும் கிடக்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கேஸ் ஷீட்டில் நோயின் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்த ஆளையே அந்தப் பெயராக்கிவிடாதீர்கள்.

கவலை எல்லாருக்கும் இருக்கிறது. எங்கே நோய் தொடங்குகிறது?

மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எவ்வளவு நாளாக, எவ்வளவு ஆழமாக, அதனால் என்ன நின்றுபோனது.

அறுப்பு நேரத்து மழையில் சம்பாப் பயிர் சாய்ந்து முளைவிட்டுப்போனால் எந்த விவசாயியும் நொந்துதான் போவார். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக நாள் முழுக்க மனம் கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, சாப்பாடு இறங்காமல், 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்று பேச ஆரம்பித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். காரணம் இருக்கிறது என்பதால் அது நோயாகாது என்று நினைக்காதீர்கள். 'பயிர் போச்சு, அதான் அப்படி இருக்காரு' என்று வீட்டாரும் நாமும் சேர்ந்து சொல்லிவிடுவதால்தான் பலர் கவனிப்பில்லாமல் போகிறார்கள்.

துக்கத்தில் இருப்பவர் வேறு மாதிரி. அலை அலையாக அழுகை வரும். இடையில் பேரப்பிள்ளை வந்தால் சிரிப்பார். இறந்தவரைப் பற்றித்தான் பேசுவார். மனச்சோர்வில் இருப்பவர் பேரப்பிள்ளை மடியில் ஏறினாலும் வெறித்தே பார்ப்பார். தன்னையே குறை சொல்லிக்கொள்வார். எப்போதும் இப்படிப் பளிச்சென்று பிரிந்து நிற்காது என்றாலும் கவனிக்கத் தொடங்க இது போதும்.

பேச்சை எப்படித் தொடங்குவது? கூட வந்தவர்களே எல்லாப் பதிலும் சொல்கிறார்களே?

வீட்டார் பேசட்டும், தடுக்க வேண்டாம். எப்போது மாறினார், முன்பு எப்படி இருந்தார், குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி இருந்ததா, யாரும் தற்கொலை செய்துகொண்டார்களா என்பதெல்லாம் அவர்களிடமிருந்துதான் வரும். பிறகு, 'அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில டீ குடிச்சிட்டு வாங்க, நான் பிரஷர் பார்த்துட்டுக் கூப்பிடுறேன்' என்று அனுப்பிவிட்டு நோயாளியிடம் தனியாகப் பேசுங்கள். பத்து நிமிடம் போதும். மருமகள் மாமியார் முன்னால் வாய் திறக்க மாட்டார். மனைவி முன்னால் கடன் விவரத்தைக் கணவர் சொல்ல மாட்டார்.

நின்றுகொண்டு கேட்காதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, கண்ணுக்குச் சமமாக உட்காருங்கள். வயதைப் பார்த்து அய்யா, அம்மா, அக்கா, தம்பி என்று கூப்பிடுங்கள். மனநோயாளி என்று தெரிந்ததுமே 'வா, போ' என்று இறங்குவது நம் வார்டுகளில் நடக்கிறது, அது வேண்டாம். முதல் கேள்வி தூக்கம், சாப்பாடு பற்றி இருக்கட்டும். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மனநிலையைப் பற்றி நிறையவே சொல்லிவிடும்.

மனநிலைப் பரிசோதனையில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பாடத்தில் இருக்கும் தலைப்புகள் இவை: தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, முகத்தில் தெரியும் உணர்ச்சி, எண்ணங்களின் ஓட்டமும் உள்ளடக்கமும், புலன் அனுபவங்கள், அறிவுத்திறன், தன் நோயைப் பற்றிய தெளிவு, முடிவெடுக்கும் திறன். தலைப்பை மனப்பாடம் செய்த பிள்ளைகள் ரிப்போர்ட் புக்கில் எழுதும்போது தடுமாறுகிறார்கள். 'நோயாளி அமைதியாக இருக்கிறார், குறையொன்றுமில்லை' என்று எழுதினால் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டருக்கு ஒன்றுமே தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

'காலை 7 மணி முதல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டால் சில விநாடி கழித்துத் திரும்புகிறார். குரல் மெலிந்திருக்கிறது. அரை இட்லி சாப்பிட்டார். என்னால எல்லாருக்கும் தொந்தரவு என்று இரண்டு முறை சொன்னார். மகள் வந்தபோதும் முகம் மாறவில்லை.'

இதில் நோயின் பெயர் எங்குமே இல்லை. ஆனால் படிக்கும் டாக்டருக்கு எல்லாம் இருக்கிறது.

மனநிலையும் முகத்தில் தெரியும் உணர்ச்சியும் பொருந்துகிறதா பாருங்கள். 'அண்ணன் செத்துட்டான்' என்று சிரித்துக்கொண்டே சொன்னால் அதை அப்படியே எழுதுங்கள். பேச்சு ஒன்றிலிருந்து ஒன்று தாவினால் 'சம்பந்தமில்லாமல் பேசுகிறார்' என்று முடிக்காமல் இரண்டு வாக்கியத்தை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கைகளில் மட்டும் அவசர முடிவு வேண்டாம். 'பங்காளி வரப்பை வெட்டி நகர்த்திட்டான்' என்று ஒருவர் கொதித்தால், டெல்டாவில் அது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். அண்ணன் தம்பிகளிடம் விசாரியுங்கள். 'வரப்புல மெஷின் புதைச்சு வச்சு என் மண்டைக்குள்ள பேசுறான்' என்று சொல்லி, எந்த ஆதாரம் காட்டினாலும் அதே பிடியில் நின்றால் அது மாயநம்பிக்கை. அப்படிச் சொல்பவரிடம் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். 'எனக்கு அது கேக்கல அய்யா. ஆனா உங்களுக்கு ரொம்பப் பயமா இருக்குன்னு புரியுது' என்றால் போதும்.

குரல் கேட்கிறதா என்பதை நேரடியாகவே கேளுங்கள்: 'பக்கத்துல ஆளே இல்லாதப்ப காதுல யாராவது பேசுற மாதிரி கேக்குதா? என்ன சொல்லுது?' அதோடு நிறுத்தக் கூடாது. 'ஏதாவது செய்யச் சொல்லுதா?' என்று கட்டாயம் கேட்க வேண்டும். தன்னையோ பிறரையோ அடிக்க, கொல்லச் சொல்லும் குரல் கேட்டால் அது அவசரம். உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களிடம் ஞாபகத்தையும் கணக்கையும் எப்படிச் சோதிப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 'இன்னைக்கு என்ன தேதி? நூறுலேருந்து ஏழு ஏழாக் கழிங்க' என்று கேட்டு, பதில் வரவில்லை என்று 'அறிவுத்திறன் குறைவு' எழுதுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம். ஆங்கிலத் தேதி தெரியாத பாட்டிக்கு ஆடி பிறந்து எத்தனை நாள் ஆச்சு, அமாவாசை எப்போது என்று துல்லியமாகத் தெரியும்.

காலம் பற்றிக் கேட்க: 'இது என்ன மாசம்? பதினெட்டாம் பெருக்கு வந்துட்டுதா, இன்னும் வரலியா? வயல்ல இப்ப என்ன நடக்குது, நாத்தங்காலா, நடவா, அறுப்பா? மேட்டூர் தொறந்துட்டாங்களா?' வழக்கமாக அணை திறக்கும் நாள் ஜூன் 12. அது தள்ளிப்போகும் வருடங்களும் உண்டு என்பதால், அந்த வருடம் எப்போது திறந்தார்கள் என்பதை நீங்கள் முதலில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இடத்துக்கு: 'இது எந்த ஊரு ஆஸ்பத்திரி? வர்ற வழியில என்ன ஆறு தாண்டுனீங்க?' வெண்ணாறா, வெட்டாறா, குடமுருட்டியா, அரசலாறா என்று சரியாகச் சொல்பவர் இடம் அறிந்தவர்தான்.

கவனத்துக்கு, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன். கணக்குக்கு, 'நாப்பது ரூபா கீரை, அம்பது ரூபா தக்காளி, நூறு ரூபா குடுத்தா மிச்சம் எவ்வளவு?' ஞாபகத்துக்கு மூன்று பொருளைச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேளுங்கள்; ஒன்றோடொன்று சேராத பொருளாக இருக்கட்டும், குடை, மாடு, விளக்கு என்பது மாதிரி. பழைய ஞாபகத்துக்கு, புயல் வந்த வருடம், மூத்த பிள்ளை எந்த மாதம் பிறந்தது. முடிவெடுக்கும் திறனுக்கு, 'வைக்கப்போர் தீப்பிடிச்சா மொதல்ல என்ன செய்வீங்க?'

இதையெல்லாம் கேட்கும்போது பரீட்சை வைக்கிற தோரணை வேண்டாம். காது சரியாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். காது கேளாத தாத்தாவை மறதி நோயாளி ஆக்கிவிடக் கூடாது.

மனசு பற்றிக் கேட்டால் எல்லாரும் உடம்பைப் பற்றியே சொல்கிறார்களே?

நம் மக்கள் மனத் துன்பத்தைச் சொல்கிற வழியே அதுதான். 'நெஞ்ச அடைக்குது', 'உடம்பெல்லாம் எரியுது', 'கைகால் ஓஞ்சு போகுது', 'மண்டைக்குள்ள குடையுது', 'நரம்புத் தளர்ச்சி'. இப்படிப் பல மாதமாகச் சொல்லி, ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் சரியாக வந்த பிறகும் தொடர்பவரிடம் தூக்கம், பசி, விருப்பம், பயம் இவற்றை விசாரியுங்கள். 'உங்களுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனசுதான்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வலி அவருக்கு உண்மை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 குறைபாடு, சர்க்கரை எல்லாம் மனச்சோர்வு போலவே தோன்றலாம். உடம்பைப் பரிசோதிக்காமல் மனசு என்று முடிவுகட்டக் கூடாது. மனநோய் ஏற்கெனவே இருப்பவர் நெஞ்சுவலி என்றால் அதையும் மற்றவர்களுக்குப் பார்ப்பது போலவே பார்க்க வேண்டும்.

வார்டில் ஒருவர் திடீரென்று உளற ஆரம்பித்தால் மனநோய் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. நேற்று வரை தெளிவாகப் பேசிய ஒருவர் இன்று குழம்பினால், அது வேறு ஒன்று என்று நிரூபணமாகும் வரை உடம்புக் கோளாறாகவே நினையுங்கள். ஜன்னி என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். சில மணி நேரங்களில் அல்லது ஓரிரு நாளில் தொடங்கும். காலையில் தேவலாம், மாலையில் மோசம் என்று ஏறி இறங்கும். கவனம் ஓரிடத்தில் நிற்காது. இல்லாத ஆட்கள், பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும். மனநோயில் குரல் கேட்பதுதான் அதிகம். கண்ணுக்குத் தெரிவது அதிகமாக இருந்தால் உடம்பைச் சந்தேகிக்க வேண்டும்.

உடனே பார்க்க வேண்டியவை: சுகர், காய்ச்சல், பல்ஸ், பிபி, ஆக்ஸிஜன் அளவு, சிறுநீர் போகிறதா, மலம் கட்டியிருக்கிறதா, தலையில் அடிபட்டதா, புதிதாக என்ன மருந்து கொடுத்தோம். வயதானவர்களுக்குச் சோடியம் இறங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும் இப்படி ஆகும். குழப்பத்திலும் அமைதியாகவே கிடக்கும் வகையும் உண்டு. சத்தம் போடாமல் தூங்கி வழியும் பாட்டியை யாரும் கவனிப்பதில்லை, ஆபத்து அவருக்குத்தான் அதிகம்.

நம் பக்கத்தில் அடிக்கடி வருவது இது. பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தவர். முதல் நாள் நன்றாகப் பேசினார். மறுநாள் கை நடுக்கம், வேர்வை, தூக்கமில்லை. மூன்றாம் நாள் இரவு கட்டிலில் எறும்பு ஊருகிறது என்று போர்வையைத் தட்டுகிறார், மாட்டை அவிழ்க்கணும் என்று எழுந்திருக்கப் பார்க்கிறார், சலைன் ஊசியைப் பிடுங்குகிறார். வார்டில் 'மெண்டல் கேஸ்' என்பார்கள். உண்மையில் தினமும் குடித்தவருக்குக் குடி நின்றதால் வந்த கடும் விளைவு. கடைசியாகக் குடித்து 48 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் இது பொதுவாக வரும். வலிப்பு அதற்கு முன்பே வந்துவிடலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகும். டாக்டரை உடனே கூப்பிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுத்தாயிற்றா என்று கேளுங்கள். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளைப் பாதிப்பு வரலாம். விளக்கை அணைக்காதீர்கள், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், நாள், இடம் சொல்லிக்கொண்டே இருங்கள்.

குடி பற்றிக் கேட்டால் பொய் சொல்கிறார்களே?

'குடிப்பீங்களா?' என்று அதட்டினால் 'இல்ல' என்றுதான் வரும். 'கடைசியா எப்ப சாப்பிட்டீங்க? குவார்ட்டரா, ஆஃபா? காலையில எந்திரிச்சதும் கை நடுங்குமா? ஒரு நாள் இல்லாம இருந்தா என்ன ஆகும்?' என்று சாதாரணமாகக் கேளுங்கள். அட்மிஷன் நேரத்திலேயே எல்லா ஆண்களிடமும் கேளுங்கள். பெண்களிடமும் மரியாதையாகக் கேளுங்கள். 180 மில்லி குவார்ட்டர் ஒன்று ஏறத்தாழ ஆறு அளவு மதுவுக்குச் சமம். 30 மில்லி பிராந்தி ஓர் அளவு. தினம் ஒரு குவார்ட்டர் என்பதைக் 'கொஞ்சமா குடிப்பார்' என்று எழுதக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வி கொண்ட ஆடிட் வினாத்தாள் இதற்கு உதவும்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்கலாமா? கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடாதா?

ஆகாது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பல பேருக்கு, ஒருவர் கேட்டாரே என்பதே ஆறுதல். கேட்கப் பயந்து நாம் தவிர்க்கும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

வயிற்றுவலி என்று படுத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். நகைக்கடன், சுயஉதவிக் குழுக் கடன், பெண்ணுக்குச் செய்த சீர். எல்லாச் சோதனையும் சரியாக இருக்கிறது. இப்படிப் போகலாம்:

'அய்யா, ரொம்ப நாளாத் தூக்கமில்லன்னு சொன்னீங்க. மனசு எப்படி இருக்கு?'

'என்னத்தச் சொல்றது சிஸ்டர். கடன்காரன் வாசல்ல வந்து நிக்கிறான்.'

'இவ்வளவு கஷ்டத்துல, இருந்து என்ன பண்ணப்போறோம்னு தோணியிருக்கா?'

அவர் பேசவில்லை. பொறுங்கள். மௌனத்தை நிரப்பாதீர்கள்.

'தோணும் சிஸ்டர்.'

'செத்துப்போயிடலாம்னு நெனச்சிருக்கீங்களா? எப்படின்னு யோசிச்சீங்களா?'

'மருந்து இருக்கு வீட்டுல.'

இந்த இடத்தில் 'பொண்டாட்டி புள்ளைய நெனச்சுப் பாருங்க' என்று உபதேசம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள், அது ஏற்கெனவே இருக்கும் குற்ற உணர்ச்சியைக் கூட்டும். 'எங்கிட்ட சொன்னதுக்கு நன்றி அய்யா. உங்கள இப்ப தனியா விடப்போறதில்ல. டாக்டர்கிட்ட நான் பேசுறேன், நீங்களும் இருங்க' என்று சொல்லுங்கள். முன்பு முயன்றிருக்கிறாரா, குடிக்கிறாரா, இன்னும் என்ன அவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதையும் கேளுங்கள். கட்டிலை நர்ஸ் மேசைக்குப் பக்கத்தில் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது வாயாலும் சொல்லுங்கள், எழுத்திலும் வையுங்கள். வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் அன்றே அப்புறப்படுத்தச் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள். அந்தப் பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் பிழைக்கின்றன, ஏனென்றால் அந்த உந்துதல் பல நேரம் கொஞ்ச நேரத்தில் தணியும்.

பல நாள் அழுதுகொண்டிருந்தவர் காரணமில்லாமல் திடீரென்று அமைதியாகி, பத்திரம், பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று மகனுக்குச் சொல்ல ஆரம்பித்தால், தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அன்றைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

விஷம் குடித்து வந்தவர் மேல் போலீஸ் கேஸ் வருமா? அவரிடம் எப்படி நடந்துகொள்வது?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர், வேறுவிதமாக நிரூபணமாகாத வரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் இல்லை. மருத்துவ-சட்டப் பதிவு செய்வது ஆஸ்பத்திரி நடைமுறை. அதைச் சொல்லி நோயாளியைப் பயமுறுத்துவது தவறு.

எலிபேஸ்ட் சாப்பிட்டு வந்தவர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. முதல் நாளிரண்டு நாள் ஒன்றுமே ஆகாதது போலப் பேசுவார், வீட்டுக்குப் போகிறேன் என்பார், வீட்டாரும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போகப் பார்ப்பார்கள். ஈரல் பாதிப்பு அதற்குப் பிறகுதான் தெரியும். விடாமல் எடுத்துச் சொல்லி நிறுத்தி வையுங்கள்.

'இதுக்கெல்லாமா போய்ச் சாவாங்க?' என்ற பேச்சு நம் வாயிலிருந்து வரக் கூடாது. உடம்பு தேறிய பின் சைக்கியாட்ரி பார்க்காமல் டிஸ்சார்ஜ் ஆகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவமான பெண்ணிடம் எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சில நாள் லேசான அழுகையும் எரிச்சலும் பலருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் போய்விடும். அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். இதற்கு உதவும் எடின்பரோ வினாத்தாளில் பத்துக் கேள்விகள். கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்ற சாயல் வந்தால் விடக் கூடாது.

பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கும். தூக்கமே இல்லாமல், குழம்பி, 'இது என் புள்ள இல்ல', 'புள்ளைக்கு ஏதோ புடிச்சிருக்கு' என்று பேசினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. அந்த நேரத்தில் பெண் தாய்வீட்டில் இருப்பார். ஆஸ்பத்திரியின் கண்ணில் படமாட்டார். வீட்டுக்குப் போகும் கிராம சுகாதாரச் செவிலியர்தான் ஒரே கண். குழந்தையின் எடையைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், 'ராத்திரி புள்ள தூங்குறப்ப உனக்குத் தூக்கம் வருதாம்மா?' என்று கேளுங்கள். குழந்தை தூங்கும்போதும் தூங்க முடியாத தாயைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

வினாத்தாள் மதிப்பெண் மட்டும் போதாதா?

போதாது. மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 வினாத்தாளில் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்வி, மொத்த மதிப்பெண் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். இது வடிகட்டும் கருவி, நோயை முடிவு செய்யாது. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணம். அதற்கு வரும் பதிலைத் தனியாகப் பாருங்கள். வாசித்துக் காட்டும்போது அவசரப்படாதீர்கள்.

செய்வினை, காத்து கருப்பு என்கிறார்கள். கோயில், தர்கா என்று அலைகிறார்கள். என்ன சொல்வது?

சிரிக்காதீர்கள், திட்டாதீர்கள். காவிரிக்கரையில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவதும், நாகூர் தர்காவில் போய்க் கிடப்பதும் தலைமுறைகளாக நடப்பவை. 'எங்கெங்க போனீங்க, மொதல்ல எப்ப போனீங்க?' என்று கேளுங்கள். அந்தப் பயணக் கதையில் நோய் எப்போது தொடங்கியது, எப்போது தணிந்தது, எப்போது மீண்டும் வந்தது எல்லாம் வரிசையாக வந்துவிடும். வேறு எந்தக் கேள்விக்கும் இவ்வளவு தெளிவான பதில் கிடைக்காது.

'சாமி கும்பிடுங்க, மாத்திரையையும் நிறுத்தாதீங்க' என்று சொன்னால் குடும்பம் கேட்கும். 'கோயிலா, ஆஸ்பத்திரியா?' என்று நிறுத்தினால் பெரும்பாலும் ஆஸ்பத்திரிதான் தோற்கும். ஆனால் பட்டினி போடுவது, அடிப்பது, சூடு வைப்பது, கட்டிவைப்பது என்றால் அதில் சமாதானம் கிடையாது.

திருவிழாவில் சாமியாடுவது நோயல்ல. ஊர் ஏற்கும் இடத்தில், நேரத்தில் வருகிறது. விபூதி பூசியதும் தணிகிறது. மறுநாள் அவர் நடவுக்குப் போகிறார். காலமும் இடமும் இல்லாமல், வேலையையும் தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டு, அவருக்கே துன்பமாக வந்தால்தான் விசாரிக்க வேண்டும்.

அடங்காதவரைக் கட்டிப்போடலாமா?

சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்தச் செவிலியரும் இந்த வேலைக்கு வரக் கூடாது.

உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். காரணம், முறை, நேரம் எல்லாம் எழுதப்பட வேண்டும். நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் கூடவே இருக்க வேண்டும். தனியறையில் அடைப்பதும் கூடாது. தண்டனையாகவோ, ஆள் பற்றாக்குறைக்காகவோ கட்டுவது குற்றம்.

பெரும்பாலும் அதுவரை போகத் தேவையில்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்தைக் கலையுங்கள். ஒருவர் மட்டும் பேசுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், கதவுக்கும் அவருக்கும் நடுவில் நிற்காதீர்கள், தண்ணீர் வேண்டுமா என்று கேளுங்கள்.

மனநோய் மருந்து சாப்பிடுபவரிடம் எதைப் பார்க்க வேண்டும்?

கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகி, நாக்கு தள்ளி வந்தால் வீட்டார் பேய் என்பார்கள். ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய முதல் நாட்களில் வரும் தசை இறுக்கம் அது. மாற்று ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும். காய்ச்சலோடு உடம்பே கட்டையாக விறைத்துக் குழப்பமும் சேர்ந்தால் உயிராபத்து, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மனநிலை ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர்கள் பற்றி டெல்டாவில் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு பொதுவாக 0.6க்கும் 1.2க்கும் இடையில் இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். கத்திரி வெயிலில் வயல் வேலை பார்த்து வேர்த்து, தண்ணீர் குறைத்தால், அல்லது வயிற்றுப்போக்கு வந்தால், மருந்து அளவு மாறாமலே ரத்தத்தில் ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் குடித்திருக்கிறார் என்று நினைக்காமல் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். இடுப்புவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலிமாத்திரைகள் பலவும் லித்தியத்தை ஏற்றும்.

புயல், சுனாமி பார்த்தவர்களிடம் பழசைக் கிளறலாமா?

வற்புறுத்தி விவரம் கேட்க வேண்டாம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள். அதே ஆண்டு டிசம்பர் 26இல் நாகைக் கடற்கரை. 2018 நவம்பர் 16இல் கஜா சாய்த்த தென்னைகள். இவற்றைத் தாங்கிய குடும்பங்கள்தான் நம் ஓபியில் வரிசையில் நிற்கின்றன. கனவில் அதே காட்சி, கடல் பக்கமே போகாமல் தவிர்ப்பது, காற்றுச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது, அந்தத் தேதி நெருங்கும்போது உடம்பு சரியில்லாமல் போவது எல்லாம் கவனிக்க வேண்டியவை. அவராகப் பேச வந்தால் நேரம் கொடுங்கள்.

நோயாளி எங்கள் தெருக்காரர். ரகசியம் எப்படிக் காப்பது?

உங்கள் வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். கல்யாணம் பேசும் வீட்டார் விசாரிக்க வந்தாலும் 'எனக்குத் தெரியாது' என்று நின்றுவிடுங்கள். ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் சட்ட உரிமை. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், தேவையானவரிடம், தேவையான அளவு சொல்லலாம்.

எங்கே அனுப்புவது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். மாவட்ட மனநலத் திட்டக் குழு உங்கள் வட்டாரத்துக்கு எந்தக் கிழமை வருகிறது என்பதைக் கேட்டு நர்ஸ் மேசையில் ஒட்டிவையுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையின் 14416 எண்ணில் இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். 104 என்ற சுகாதார உதவி எண்ணும் உண்டு. வெறுமனே எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பாதீர்கள். உங்கள் முன்னாலேயே போட்டுக் கொடுங்கள், எதிர்முனையில் ஆள் பேசும் வரை பக்கத்தில் இருங்கள். அனுப்பும் சீட்டில் மருந்துகளின் பெயரோடு, நோயாளி சொன்ன இரண்டு வாக்கியத்தையும் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தாரா என்று போன் போட்டுக் கேளுங்கள்.